வேன் வீட்டுக்கு வெளிக் கரண்ட்: ஸ்டெபிலைசரா, ஜெனரேட்டரா, பேட்டரியா?

டிராவலர் வேனையோ பழைய மினி பஸ்ஸையோ வாங்கி, உள்ளே படுக்கை, சிங்க், ஏசி எல்லாம் வைத்து வீடாக்கியவர்கள் வயரிங் விஷயமாக என்னிடம் வந்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். போன இடத்தில் பிளக்கை மாட்டினால் ட்ரிப் ஆகிறது, இல்லாவிட்டால் ஏசி கிளம்பமாட்டேன் என்கிறது, இல்லாவிட்டால் செருப்பில்லாமல் நின்று வண்டிக் கதவைத் தொட்டால் சுருக்கென்கிறது. இதற்கு ஸ்டெபிலைசர் போடலாமா, ஜெனரேட்டர் வாங்கலாமா, பேட்டரியைப் பெரிதாக்கலாமா?

இது ஒரு கோளாறு இல்லை, மூன்று. ட்ரிப் ஆவது பெரும்பாலும் கசிவு (கரண்ட் வழி தவறி வண்டி உடம்புக்கோ மண்ணுக்கோ போவது), ஏசி கிளம்பாதது வோல்டேஜ், உடம்பில் அடிப்பது எர்த். ஸ்டெபிலைசர் இரண்டாவதை மட்டும் தொடும், அதையும் பாதிதான். ஜெனரேட்டர் மூன்றையும் தள்ளி வைக்கும், தீர்க்காது. பேட்டரி வழி மூன்றையும் ஒருசேர அடைக்கும், காசு அதிகம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்ம ஊர்ப் பக்கம் வெளிக் கரண்ட்டைப் பேட்டரி நிரப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்குள் இருக்கும் சாமான்களை அதில் நேராக ஓட்ட வேண்டாம்.

காணொளி பார்த்துச் சாமான் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க வண்டிகள் 120 வோல்ட், 30 ஆம்பியர் அல்லது 50 ஆம்பியர் கணக்கு. அவர்கள் பிளக்குக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டும் பாதுகாப்புப் பெட்டி அந்த வோல்டேஜுக்குச் செய்தது, நமக்கு உதவாது. ஐரோப்பாக்காரர்கள் கிட்டத்தட்ட நம்மைப் போல: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நீல நிற மூன்று பின் 16 ஆம்பியர் சாக்கெட். வண்டியின் பக்கவாட்டில் வைக்கும் அந்த நீல இன்லெட் நமக்கும் அப்படியே பொருந்தும், எலெக்ட்ரிக்கல் கடையில் இண்டஸ்ட்ரியல் பிளக் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் அங்கே வண்டி நிறுத்தும் இடத்திலேயே ஒழுங்கான மின் பெட்டி நிற்கும். பக்கத்துக் கேரளா 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு திட்டம் அறிவித்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் சுற்றும் நமக்குக் கிடைப்பது சொந்தக்காரர் வீட்டு வராண்டா பிளக், லாட்ஜ் ஏசி பாயிண்ட், கல்யாண மண்டபத்து போர்டு, தோப்பில் மோட்டார் ரூம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

காசை எடுக்கும் முன் மீட்டரை எடுங்கள்

ஒரு நல்ல மல்டிமீட்டரும் ஒரு டெஸ்டரும் இருந்தால் போதும், பாதிப் பேருக்கு எதையும் வாங்க வேண்டியே இருக்காது. வண்டியை மாட்டுவதற்கு முன்னால் சாக்கெட்டில் மூன்று அளவு எடுக்க வேண்டும். எர்த் ஓட்டை மேலே இருக்கும்படி நேராகப் பார்த்தால் வலது பக்கம் பேஸ் (கரண்ட் வரும் வயர்), இடது பக்கம் நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்). பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம் வர வேண்டும், பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட். இடமும் வலமும் மாறியிருந்தால் வண்டிக்குள் சுவிட்சை அணைத்தாலும் பேஸ் உள்ளேயே நிற்கும், அதனால்தான் வண்டி மெயினில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் டிபி பிரேக்கர் வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 10 வோல்டுக்கு மேல் காட்டினால் எங்கோ நியூட்ரல் லூஸ், அல்லது எர்த் சரியில்லை. சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால்? நல்லது என்று நினைப்பீர்கள். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்து வீட்டில் வண்டிக்காரரோடு போயிருந்தபோது வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணே, இந்த பிளக்குக்கு எர்த் இருக்கா?"

"இருக்கே தம்பி, போன வருசம்தான் வயரிங் பண்ணுச்சு."

பேஸுக்கும் எர்த்துக்கும் 228. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பூஜ்யம், உள்ளே ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூஜ்யம். மெயினை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றினால், நியூட்ரல் டெர்மினலில் இருந்து எர்த் டெர்மினலுக்கு இரண்டு அங்குல நீளத்தில் ஒரு பச்சை வயர் வளைத்து முறுக்கியிருக்கிறது. சுவருக்குள்ளிருந்து எர்த் வயரே வரவில்லை. இந்த மாதிரி சாக்கெட்டில் வண்டியை மாட்டினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. என்றைக்காவது வீட்டு நியூட்ரல் கழன்றால் வண்டியின் இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். ரப்பர் டயரில் நிற்கிற வண்டி, கீழே ஈர மண்ணில் நின்று கைப்பிடியைப் பிடிக்கிற பிள்ளை. வண்டிக்குள் ஆர்சிசிபி (பேஸில் போகும் கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்ட்டும் ஒத்துப்போகாவிட்டால் வெட்டும் பிரேக்கர்) இருந்தாலும் இங்கே காப்பாற்றாது, ஏனென்றால் பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியாக அதைத் தாண்டி வெளியே போய், அதற்கப்புறம்தான் அந்தப் பச்சை வயர் வழியாக வண்டி உடம்புக்குத் திரும்புகிறது. ஆர்சிசிபிக்குக் கணக்கு சரியாகத் தெரியும், விழாது. இப்படிப்பட்ட பாயிண்டை எந்தச் சாமான் வாங்கினாலும் சரி செய்ய முடியாது, மாட்டாமல் இருப்பதுதான் வழி.

அடுத்தது வோல்டேஜ். சும்மா இருக்கும்போது அளந்து பிரயோஜனம் இல்லை, லோடு போட்டு அளக்க வேண்டும். ஒரு மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வண்டிக்குள் 221 காட்டியது, இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டதும் 186க்கு இறங்கியது, வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 9 ஆம்பியர். 35 வோல்டை 9 ஆல் பெருக்கினால் 315 வாட். அவ்வளவு சூடு வழியில் எங்கோ வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடுப்பை ஓடவிட்டே ஒவ்வொரு இடமாக அளந்தோம்: மீட்டர் பாக்ஸில் 216, மண்டபத்து போர்டில் 190, வண்டியில் 186. ஈபி லைனில் போனது 5 வோல்ட், எங்கள் கேபிளில் 4, மீதி 26 வோல்டும் மண்டபத்து வயரிங்கில். பிளக்கை உருவினால் ஒரு பின் காப்பிக் கலரில் கருகியிருந்தது, கையில் பிடிக்க முடியாத சூடு. அங்கே தேவைப்பட்டது ஒரு புது 16 ஆம்பியர் சாக்கெட், வயர் முனையை வெட்டிப் புதிதாகச் சீவி இறுக்கும் கால் மணி நேர வேலை. ஸ்டெபிலைசர் மாட்டியிருந்தால் அந்தப் பின் இன்னும் வேகமாக எரிந்திருக்கும். ஏன் என்று கொஞ்சம் கீழே வருகிறேன்.

கசிவைப் பிடிக்கும் முறை வேறு. எம்சிபி (வழக்கமான சின்ன பிரேக்கர்) விழுந்தால் லோடு அதிகம் அல்லது ஷார்ட், ஆர்சிசிபி விழுந்தால்தான் கசிவு. எல்லா எம்சிபியையும் அணைத்துவிட்டேன், அப்படியும் விழுகிறதே என்பார்கள். ஒற்றை எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் இணைந்தபடியே இருக்கும். எங்காவது நியூட்ரல் வயர் உரசி வண்டி உடம்பைத் தொட்டால் அது போதும், விழும். ஆகவே அணைப்பது சோதனை ஆகாது, ஒவ்வொரு சாமானையும் பிளக்கிலிருந்து உருவ வேண்டும். என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது கீசர் காயில், அப்புறம் மழைக்குப் பின் வெளி இன்லெட்டுக்குள் தேங்கிய தண்ணீர், அப்புறம் இன்வெர்ட்டர். சில இன்வெர்ட்டர்களில் நியூட்ரலும் எர்த்தும் உள்ளேயே நிரந்தரமாகச் சேர்ந்திருக்கும். பேட்டரியில் ஓடும்போது அது தேவைதான், வெளிக் கரண்ட்டை உள்ளே கடத்தும்போது அந்த இணைப்பு தானாகப் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் எந்த வீட்டில் மாட்டினாலும் அந்த வீட்டு ஆர்சிசிபி விழும், வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், நீங்கள் அவர் வயரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

எல்லாருக்கும் கட்டாயமானது

எந்த வழியில் போனாலும் இந்த நான்கும் இருக்க வேண்டும்: 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, டிபி பிரேக்கர், வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் வெட்டிவிடும் ப்ரொடெக்டர், ஒழுங்கான கேபிள். கேபிள் மூன்று கோர், 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர். 20 மீட்டர் நீளத்தில் 10 ஆம்பியர் இழுத்தாலும் அதில் 3 வோல்ட்தான் குறையும். 1 ஸ்கொயர் எம்எம் எக்ஸ்டென்ஷனை 30 மீட்டர் இழுத்து அதே லோடு போட்டால் 11 வோல்ட் போய்விடும், வயரும் சூடாகும். சுருளாக வைத்தே ஓட்டினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை, முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

ப்ரொடெக்டரைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். தெருவுக்கு வரும் மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் சில வீடுகளுக்கு வோல்டேஜ் 300, 350 என்று ஏறும், மோசமான நிலையில் 400ஐத் தொடும். காற்று மழையில் கம்பி உரசும் ஐப்பசி, கார்த்திகையில் இதை நினைப்பில் வைக்க வேண்டும். 270க்கு மேல் போனால் வெட்டும்படியும், 170க்குக் கீழே போனால் வெட்டும்படியும், திரும்பச் சேர மூன்று நிமிடம் காத்திருக்கும்படியும் செட் செய்தால் ஏசி கம்ப்ரஸரும் பிழைக்கும். இடி இடித்தால் இதையும் நம்பாமல் பிளக்கை உருவிவிடுங்கள்.

எர்த் பற்றி இன்னொன்று. பாறையும் காய்ந்த செம்மண்ணுமாக இருக்கிற இடங்களில் சித்திரை, வைகாசியில் எர்த் குழி வறண்டு போகும். எர்த் ரெசிஸ்டன்ஸ் 50 ஓம் என்று வைத்துக்கொண்டால், பேஸ் வண்டி உடம்பைத் தொட்டாலும் 4.6 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் சி டைப் எம்சிபி உடனே விழ 80 ஆம்பியராவது வேண்டும், அது அசையாது, உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். அதே இடத்தில் ஆர்சிசிபி உடனே விழும். 500 ஓம் இருந்தாலும் கிட்டத்தட்ட அரை ஆம்பியர் ஓடும், ஆர்சிசிபிக்கு அது எவ்வளவோ அதிகம். அதனால் வண்டிக்கென்று ஒரு எர்த் ராடு வைத்துக்கொண்டு, நிற்கும் இடத்தில் அடித்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, வண்டி உடம்போடு சேர்த்துவிடுவது நல்ல பழக்கம். எர்த் இல்லாத இடத்தில் கதவைத் தொட்டால் சுருக்கென்பது பெரும்பாலும் சார்ஜர், டிவி போன்றவற்றின் ஃபில்டர் வழியாகக் கசிகிற சின்னக் கரண்ட். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். ராடு அடித்ததும் அது நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் கசிவு உண்மையானது, தேடிப் பிடித்தாக வேண்டும்.

ஸ்டெபிலைசர்

விலை குறைவு, கடையில் உடனே கிடைக்கும். லைனில் வருவதே 180, 190 என்றால், அதாவது டிரான்ஸ்பார்மரில் இருந்து கடைசி வீடு என்பதால் சாயங்காலம் குறைகிறது என்றால், உதவும். ஆனால் அது வோல்டேஜை உண்டாக்குவதில்லை. 1500 வாட் ஏசி 230 வோல்டில் 6.5 ஆம்பியர் எடுக்கும். உள்ளே வருவது 170 என்றால் அதே 1500 வாட்டைக் கொடுக்க ஸ்டெபிலைசர் லைனிலிருந்து 9 ஆம்பியர் இழுக்கும். கரண்ட் கூடினால் லூஸ் சாக்கெட்டில் இன்னும் குறையும், குறைந்தால் இன்னும் இழுக்கும். நான் சொன்ன மண்டபத்துப் பின் கருகியது 9 ஆம்பியருக்கு. அதனால் லோடு போட்டதும் வோல்டேஜ் விழுகிற இடத்தில் ஸ்டெபிலைசர் வேண்டவே வேண்டாம், லோடு இல்லாமலேயே குறைவாக இருக்கிற இடத்தில் மட்டும் வைக்கலாம். இந்த வித்தியாசத்தை மீட்டர்தான் சொல்லும். கசிவு, எர்த் இரண்டுக்கும் ஸ்டெபிலைசருக்கும் சம்பந்தமே இல்லை.

ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் என்று ஒன்று உண்டு, வீட்டு வயரிங்கிலிருந்து வண்டியைப் பிரித்துவிடும். கனம் அதிகம், சத்தமாக முனகும், அந்தக் காசைப் பேட்டரியில் போடுவது மேல்.

ஜெனரேட்டர்

யாரையும் கெஞ்ச வேண்டாம் என்ற ஒரு சௌகரியத்துக்காக வாங்குகிறார்கள். 2 கேவிஏ பெட்ரோல் மெஷின் 1 டன் ஏசியை ஓட்டும், மணிக்கு ஒரு லிட்டர் கூடக்குறைய குடிக்கும். ராத்திரி எட்டு மணி நேரம் தூங்குவதற்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். புகையில் கார்பன் மோனாக்ஸைடு வரும், வாசனை இல்லாத விஷம், ஜன்னல் பக்கம் வைத்துவிட்டு ஏசி போட்டுத் தூங்குவதை என்னால் யாருக்கும் சொல்ல முடியாது. ஊருக்குள் நிறுத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் பத்து மணிக்கே வந்து கதவைத் தட்டுவார், அவர் தட்டுவதில் நியாயம் உண்டு. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதக்கும், அந்த நிலையில் வண்டியின் ஆர்சிசிபி நினைத்தபடி வேலை செய்யாது. தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்து அந்த இணைப்பைச் சரியாகப் போட வேண்டும்.

பேட்டரி வழி

12.8 வோல்ட், 200 ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 2.5 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். கரண்ட் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, சின்ன ஃப்ரிட்ஜ், லைட், போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து சராசரி 150 வாட் என்றால் பத்து மணி நேரத்துக்கு 1.5 யூனிட், ஒரு பேட்டரியே தாராளம். பேட்டரி பக்கம் 40 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர், சுவரிலிருந்து 230 வோல்டில் இழுப்பது 3 ஆம்பியருக்குள். எந்தக் கிராமத்து வீட்டு 6 ஆம்பியர் பிளக்கும் இதைத் தாங்கும், லோ வோல்டேஜும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது, சார்ஜர் தகட்டில் எத்தனை வோல்டிலிருந்து வேலை செய்யும் என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள். மூன்று மணி நேரத்துக்குள் அந்த 1.5 யூனிட் திரும்ப ஏறிவிடும். வண்டி ஓடும்போது இன்ஜின் பக்கமிருந்து பேட்டரியை நிரப்பும் டிசி டு டிசி சார்ஜர் 30 ஆம்பியர் கொடுத்தால் மதுரையிலிருந்து தேனி போய்ச் சேரும் இரண்டு மணி நேரத்தில் 60 ஆம்பியர் அவர் ஏறியிருக்கும், பிளக்கின் தேவை அந்த அளவுக்குக் குறையும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த வீட்டின் பேஸும் நியூட்ரலும் சார்ஜரோடு நின்றுவிடுகின்றன, வண்டிக்குள் இருக்கும் பிளக்குகளுக்கு வருவதே இல்லை. உள்ளே ஓடுவது உங்கள் இன்வெர்ட்டர், உங்கள் நியூட்ரல், உங்கள் ஆர்சிசிபி. வயரிங்கை ஒரு தடவை ஒழுங்காகச் செய்துவிட்டால் போகிற ஊரெல்லாம் அதே வயரிங்தான். சார்ஜரின் எர்த் மட்டும்தான் வெளியோடு பேசும், அதனால் அந்தப் பச்சை வயர் சோதனையை அப்போதும் விடக் கூடாது.

சரி, ஏசி? மதுரையில் ஏப்ரல், மே ராத்திரியில் இரும்பு வண்டிக்குள் ஃபேன் மட்டும் போட்டுத் தூங்கு என்று சொல்லமாட்டேன். 1 டன் இன்வெர்ட்டர் ஏசி சராசரி 700 வாட், மற்றவை 150, இன்வெர்ட்டர் நஷ்டம் சேர்த்து 900க்கு மேல். சார்ஜர் ராத்திரி முழுக்க மாட்டியிருந்தால் 570 வாட் உள்ளே வந்துகொண்டே இருக்கும், பேட்டரி கொடுக்க வேண்டியது மிச்சம் 350 சொச்சம்தான். எட்டு மணி நேரத்துக்கு மூன்று யூனிட் கூட வராது. இரண்டு பேட்டரி இருந்தால் சுவரிலிருந்து 3 ஆம்பியருக்கு மேல் இழுக்காமலே ஏசி போட்டு விடியும் வரை தூங்கலாம். செலவு லட்சத்தைத் தாண்டும், அதுதான் இதன் ஒரே பெரிய குறை. பேட்டரியை வண்டிக்கு அடியில் தார் ரோட்டுச் சூட்டில் தொங்கவிடாமல் உள்ளே வையுங்கள், சூடு ஏறினால் பேட்டரிக்குள் அதைக் காக்கும் பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடும்.

எங்கே, யாருக்கு

கொடைக்கானல், மேகமலை என்று மலையிலேயே அதிகம் சுற்றுகிறவருக்கு ஏசி தேவையில்லை, ஒரு பேட்டரியும் கட்டாயப் பட்டியலும் போதும். வெந்நீருக்கு மட்டும் 2000 வாட் கீசர் வைக்காதீர்கள், தங்கும் இடத்தில் ஒரு வாளி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். லாட்ஜ், மண்டபம் என்று ஊருக்குள்ளேயே நிற்கிறவர், பட்ஜெட் இல்லாதவர், லோடு போட்டு அளந்து 200க்குக் கீழே விழாத இடத்தில் ஏசியை நேராக ஓட்டலாம், ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தோப்பு மோட்டார் ரூம் மட்டும் வேண்டாம். விவசாய இலவச மின்சாரம் பாசனத்துக்குக் கொடுத்தது, அதில் வண்டியை மாட்டினால் மாட்டிக்கொள்வது தோப்புக்காரர். அதோடு மூன்று பேஸ் மோட்டாருக்கு நியூட்ரல் தேவையில்லை, பல இடங்களில் ஒழுங்கான நியூட்ரல் இருக்காது, பேஸையும் எர்த்தையும் வைத்து ஒரு பல்பு எரிய விட்டிருப்பார்கள். அங்கே மாட்டிய உடனே ஆர்சிசிபி விழுந்தால் அது சரியாக வேலை செய்கிறது.

வாங்கும் வரிசை என்று கேட்டால் முதலில் மீட்டரும் கட்டாயப் பட்டியலும், அடுத்து சார்ஜரும் ஒரு பேட்டரியும், காசு சேர்ந்ததும் இரண்டாவது பேட்டரியும் இன்வெர்ட்டரும். அடிக்கடி தங்கும் வீட்டில் மீட்டர் பாக்ஸிலேயே லோடு இல்லாமல் 190க்குக் கீழே காட்டினால் அது உங்கள் செலவே இல்லை. வீட்டுக்காரரிடம் அளவையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்து, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987க்குப் புகார் செய்யச் சொல்லுங்கள், கூப்பிடும்போது கையில் மின் இணைப்பு எண் இருக்கட்டும்.